மேடைக்கு நிறம் ஏற்ற எது பாதுகாப்பு: வெயிலா, ஊசியா, பாட்டிலா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 24. சேலம் பக்கத்தில் ஒரு ஜிம்மில் நான்கு வருடமாகப் பயிற்சி செய்கிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் மாவட்ட ஆணழகன் போட்டி. எனக்கு இதுதான் முதல் மேடை. நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு. மேடை விளக்கில் 'கட்ஸ்' (தசைகளுக்கு நடுவில் தெரியும் பிளவுகள்) எதுவும் தெரியாது, நிறம் ஏற்றியே ஆகவேண்டும் என்கிறார் மாஸ்டர். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தினமும் மதியம் ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் படுக்கச் சொல்கிறார். லண்டனில் படிக்கும் அண்ணன், தோலைக் கறுக்க வைக்கும் விளக்குப் பெட்டியான டேனிங் பெட்டில் பத்துப் பத்து நிமிடம் படுத்தால் போதும், பெங்களூரில் விசாரித்துப் பார் என்கிறான். ஜிம்மில் கூடப் பயிற்சி செய்யும் ஒருவன் ஆன்லைனில் வரவழைத்த ஊசி போடுகிறான். இரண்டு வாரத்தில் அவன் நிறமே மாறிவிட்டது. பழைய ஆட்கள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்துப் பூசுவார்களாம். பாட்டிலில் வரும் டேன் (தோலில் பூசும் நிறப் பூச்சு) வாங்கலாம் என்றால், அது கெமிக்கல், கேன்சர் வரும், நிரந்தரமாகக் கறுத்துவிடுவாய் என்று அம்மா பயப்படுகிறார். இவற்றில் எது பாதுகாப்பு? முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறேன். முதுகில் கொஞ்சம் தேமலும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தம்பி,

கடிதத்தின் கடைசி இரண்டு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் அவசரம் இருக்கிறது.

டாக்ஸிசைக்ளின் சாப்பிடுபவர் வெயிலில் படுக்கக் கூடாது. அந்த மருந்து தோலில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால், சாதாரணமாக ஒன்றும் செய்யாத அளவு வெயிலே தோலைச் சிவக்க வைத்து, எரிய வைத்து, கொப்புளம் வரை கொண்டுபோகும். சிலருக்கு நகம்கூட விரலை விட்டுத் தூக்கிக்கொள்ளும். ஆகவே மொட்டை மாடி இன்றோடு நிற்கட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய் போட்டி விஷயத்தைச் சொல்லுங்கள். அப்படியே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். 24 வயதில், நான்கு வருட ஜிம் பயிற்சிக்குப் பிறகு பரு வந்திருக்கிறது என்றால், ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீர்களா என்று எந்தத் தோல் மருத்துவரும் கேட்பார். உண்மையைச் சொன்னால் அவர் கொடுக்கும் மருந்து மாறும். போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று பயப்பட வேண்டாம்.

மாஸ்டர் சொல்வதில் ஒரு பாதி சரி. மேலிருந்தும் எதிரிலிருந்தும் வெள்ளை விளக்கு அடிக்கும்போது வெளிர் தோல் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். தசைக்கும் தசைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் நிழல் விழாது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்து செதுக்கிய வயிறு, கீழே உட்கார்ந்திருக்கும் நடுவருக்குத் தட்டையாகத் தெரியும். நல்ல கறுப்பு நிறமுள்ள போட்டியாளர்கூட ஒரு பூச்சு போட்டுக்கொண்டுதான் மேடையேறுகிறார். அதனால் நிறம் ஏற்றுவது வீண் ஆசை என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த நிறம் தோலின் எந்த அடுக்கில் உட்கார வேண்டும் என்பதில்தான் மாஸ்டரோடு எனக்கு வேறுபாடு.

வெயிலில் கறுப்பது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். புற ஊதாக் கதிரில் 'ஏ' வகை, 'பி' வகை இரண்டும் நம்மேல் விழுகின்றன. 'ஏ' வகை பட்டதும் தோலில் ஏற்கெனவே இருக்கும் மெலனின் நிறமி ஆக்சிஜனேற்றம் அடைந்து உடனே கறுக்கும். மாடியிலிருந்து இறங்கிக் கண்ணாடியில் பார்த்து மகிழும் நிறம் பெரும்பாலும் இதுதான். சில மணி நேரத்தில் இதில் நிறையக் குறைந்துவிடும். தங்கும் நிறம் வேறு வழியில் வருகிறது. 'பி' வகைக் கதிர் மேல்தோல் செல்லுக்குள் போய் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. செல் அதை உணர்ந்து ஒரு ஹார்மோனை வெளியிடுகிறது. அந்த ஹார்மோன் நிறமி செல்களைத் தட்டி எழுப்பிப் புதிய மெலனினை உண்டாக்குகிறது. இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஆக, வெயிலில் வந்து தங்குகிற கறுப்புக்கு முன்னால் டி.என்.ஏ. சிதைவு ஒன்று நடந்திருக்கிறது. சிதையாமல் கறுக்கும் வெயில் கிடையாது. காலை வெயிலாக இருந்தாலும், தினமும் பத்து நிமிடமாக இருந்தாலும், அளவுதான் கூடும் குறையும்.

கேன்சர் பற்றி நேராகச் சொல்கிறேன். வெள்ளைக்காரர்களுக்கு எழுதிய எச்சரிக்கையை அப்படியே உங்கள்மேல் போட்டுப் பயமுறுத்துவது நியாயம் இல்லை. தோலை வகை பிரிக்கும் ஒரு முறையை ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் வகுத்தார். இன்று அதில் ஆறு வகை உண்டு. எப்போதும் எரிந்து ஒருபோதும் கறுக்காத தோல் முதல் வகை. மிகக் கறுத்த தோல் ஆறாவது. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறில் வருவோம். இந்த வகைத் தோலில் வெயிலால் வரும் புற்றுநோய் வெள்ளைத் தோலோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. நமக்கு மெலனோமா என்ற நிறமி செல் புற்றுநோய் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில்தான் அதிகம் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் தொடர்பு இல்லை. பாடகர் பாப் மார்லி 1981-இல் 36 வயதில் இறந்தது கால் விரலில் தொடங்கிய அந்த வகை மெலனோமாவால்தான். இவ்வளவும் சொன்ன பிறகும், டி.என்.ஏ. சிதைவு எல்லா நிறத் தோலிலும் நடக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். கறுத்த தோலில் அது குறைவு, ஆழமும் குறைவு. அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் எனக்கு வேறு கவலைகள் பெரிதாக இருக்கின்றன.

முதலாவது, வெயில் கொடுக்கும் நிறம் சீராக வராது. முகம், கழுத்து, முன்கை ஏற்கெனவே கறுத்திருக்கும். அங்கே இன்னும் ஏறும். பனியனுக்குள் இருந்த மார்பும் தொடையும் பின்தங்கும். மேடையில் நடுவர் பார்ப்பது பின்தங்கிய அந்த இடங்களைத்தான். நம் தோலில் வெந்த இடம் ஆறும்போது திட்டுத் திட்டாகக் கருமை விட்டுப்போகும். பரு வந்த இடமெல்லாம் கரும்புள்ளியாக உறைந்துவிடும். கன்னத்தில் மங்கு வந்துவிட்டால் போட்டி முடிந்து வருடங்கள் ஆனாலும் முழுசாகப் போகாது. பார்லர்களில் 'டேன்' எடுக்கவும், எங்கள் கிளினிக்குகளில் கருமையைக் குறைக்கவும் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படி வெயில் கொடுத்ததைத்தான் சுமந்து வருகிறார்கள்.

இரண்டாவதுதான் என்னை மிகவும் பயமுறுத்துகிறது. சேலத்தில் ஏப்ரல் பின்பாதியிலும், பிறகு ஆகஸ்ட் பின்பாதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த மாதங்களில் மேகமில்லாத நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சகஜம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப் பிரிவு. போட்டி நெருங்கும்போது மாவுச்சத்தைக் குறைப்பீர்கள். கடைசி நாட்களில் தண்ணீரையும் உப்பையும் குறைப்பார்கள். சில ஜிம்களில் சிறுநீரைப் பிரிய வைக்கும் மாத்திரையும் கைமாறுகிறது. அந்த நிலையில் ஒருவன் எண்ணெய் தடவிக்கொண்டு நடுவெயிலில் கிடந்தால் வெப்பத்தாக்கு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம், சிறுநீரகம் நின்றுபோகலாம். அல்ஜீரியாவைச் சேர்ந்த முகமது பெனாசிசா பெரிய பெரிய ஆணழகன் போட்டிகளை வென்றவர். 1992-இல் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். உடல் வறட்சியும் நீர் பிரிக்கும் மருந்துகளும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. அவர் வெயிலில் படுத்து இறக்கவில்லை, உண்மை. காய்ந்த உடம்பு எவ்வளவு சீக்கிரம் கைவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். அதன்மேல் சேலத்து மதியத்தையும் ஏற்றினால் என்ன ஆகும்? இன்னொன்று, நீர் பிரிக்கும் மாத்திரைகளில் சிலவும் டாக்ஸிசைக்ளின் போலவே தோலை வெயிலுக்குக் கூச வைப்பவை.

தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்காது. வறண்ட தோலின் மேல்செதில்கள் கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கும். எண்ணெய் பூசினால் அந்தச் சிதறலும் குறைந்து கதிர் இன்னும் உள்ளே போகும். சிலர் எலுமிச்சைச் சாறு கலந்து பூசுகிறார்கள், அது இன்னும் மோசம். எலுமிச்சையில் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த சோராலன் இருக்கிறது. வெண்புள்ளிக்கு நாங்கள் சோராலன் மாத்திரை கொடுத்து, எண்ணி அளந்த நேரம் மட்டும் வெயிலோ விளக்கோ காட்டுவோம். டேன் ஏறும் என்று யாராவது அந்த மாத்திரையைக் கொடுத்தால் கையில்கூட வாங்காதீர்கள். உடம்பு முழுக்கத் தீக்காயம் பட்டவர்போல ஆஸ்பத்திரியில் படுக்க நேரும்.

அடுத்து அண்ணன் சொல்லும் டேனிங் பெட். உள்ளே எரிவது புற ஊதா விளக்குகள்தான், அதிலும் 'ஏ' வகை அதிகம். வெயிலைவிடக் கட்டுப்பாடான அளவு என்று விளம்பரம் செய்வார்கள். 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கருவிகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது. அதே ஆண்டு பிரேசில் அழகுக்காக இவற்றைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. தோல் புற்றுநோய் மிக அதிகமுள்ள ஆஸ்திரேலியாவில் 2016 தொடங்கும்போது வணிக டேனிங் பெட் எந்த மாநிலத்திலும் இல்லை. அண்ணன் இருக்கும் பிரிட்டனில் 18 வயது ஆகாதவர்களை அனுமதிப்பது சட்டவிரோதம். வைட்டமின் டி கிடைக்கும் என்று ஒரு வாதம் வரும். வைட்டமின் டி-யை உண்டாக்குவது 'பி' வகைக் கதிர். பெட்டில் மிகுந்திருப்பது 'ஏ' வகை. டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் உங்களுக்கு அந்த 'ஏ' வகைதான் ஆகாது. பெங்களூருக்குப் பஸ் ஏற வேண்டாம்.

இப்போது ஊசி. கூடப் பயிற்சி செய்பவர் போடுவது மெலனோடான்-2 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறு குப்பியில் வெள்ளைத் தூளாக வரும். நீரில் கரைத்து, இன்சுலின் ஊசியால் வயிற்றுத் தோலில் குத்திக்கொள்வார்கள். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் விற்கிறார்கள். மேலே சொன்னேனே, டி.என்.ஏ. சிதைந்தபின் நிறமி செல்களைத் தட்டி எழுப்பும் ஹார்மோன் என்று, அதைப் போலச் செய்த செயற்கைப் பொருள்தான் இது. 1980-களில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது. சிதைவு இல்லாமலே கறுக்க வைக்கலாம் என்பது அன்றைய நல்ல எண்ணம். அதே ஆராய்ச்சி வழியில் வந்த அஃபமெலனோடைடு இன்று மருந்தாகவே இருக்கிறது. வெயில் பட்டாலே தாங்க முடியாமல் வலிக்கும் ஓர் அரிய பரம்பரை நோய்க்காக ஐரோப்பாவில் 2014-இலும் அமெரிக்காவில் 2019-இலும் அனுமதி பெற்றது. மருத்துவர் கையால், தோலுக்கடியில் வைக்கப்படுவது அது. ஜிம்மில் சுற்றும் மெலனோடான்-2 அந்த மருந்து இல்லை. டேனுக்காக எந்த நாடும் அதை அனுமதிக்கவில்லை. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லிருந்தே எச்சரித்து வருகிறது.

இரண்டு வாரத்தில் நிறம் மாறியது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், மாறும். அந்த ஊசி வேலை செய்யாது என்று நான் சொன்னால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். வேலை செய்கிறது என்பதுதான் சிக்கலே. நிறமி செல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது தட்டி எழுப்புகிறது. பழைய மச்சங்கள் கறுத்துப் பெரிதாகின்றன, புதிய மச்சங்கள் கிளம்புகின்றன. ஊசி போட்டவர்களிடம் மெலனோமா கண்டறியப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஊசிதான் காரணம் என்று அவற்றை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மச்சம் மாறுவதுதான் மெலனோமாவுக்கு நாங்கள் தேடும் அடையாளம். எல்லா மச்சமும் மாறினால் எதை வெட்டிச் சோதிப்பது?

அது மட்டும் இல்லை. குமட்டல், வாந்தி, முகம் சிவப்பது சர்வசாதாரணம். ஆணுறுப்பு விறைத்து மணிக்கணக்கில் தளராமல் நின்று, நிரந்தரச் சேதத்தில் முடியலாம். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதித்த நிகழ்வும் பதிவாகியிருக்கிறது. கடும் பயிற்சியும் நீர்க்குறைவும் தசையை ஏற்கெனவே வாட்டும் நேரத்தில் அதைப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். குப்பிக்குள் உண்மையில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை. ஒரே குப்பியில் நாலு பேர் ஊசி விட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் அதன் வழியாகப் பரவும். நீங்கள் எழுதிய எல்லா வழியிலும் இதைத்தான் முதலில் ஒதுக்குவேன். வெயிலைவிட முன்னதாக.

டேன் மாத்திரை என்று சிலது ஆன்லைனில் விற்கிறது. அதில் இருப்பது கான்தாசாந்தின் என்ற ஆரஞ்சு நிறப் பொருள். அது விழித்திரையில் படிகமாகப் படியும், கல்லீரலைக் கெடுத்ததும் உண்டு. வேண்டாம். கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நிறையச் சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகும். ஆபத்து இல்லை, மேடைக்குப் பயனும் இல்லை. பெர்மாங்கனேட் பழைய ஆட்கள் பூசியது உண்மையாக இருக்கும். அது தோலில் மாங்கனீசு டை ஆக்சைடாகப் படிந்து பழுப்பாக நிற்கும். புண் கழுவ நாங்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும் அளவுக்குத்தான் கரைப்போம். உடம்பைப் பழுப்பாக்கும் அளவுக்குக் கரைத்தால் தோல் வெந்துவிடும், கரையாத ஒரு துகள் ஒட்டினாலும் அந்த இடம் பொத்துவிடும். தலைச்சாயத்தை உடம்பில் பூசும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அதில் உள்ள பி.பி.டி. என்ற சாயப்பொருளுக்கு ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்க விடாது.

மிஞ்சுவது பாட்டில். உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். அம்மாவும் கேட்கும்படி விளக்குகிறேன்.

இதில் வேலை செய்யும் பொருள் டைஹைட்ராக்சி அசிட்டோன், சுருக்கமாக டி.எச்.ஏ. இது ஒரு சின்னஞ்சிறு சர்க்கரை. 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், சர்க்கரைச் சேமிப்பில் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்துச் சோதித்தார். சிந்திய இடத்தில் குழந்தைகளின் தோல் பழுப்பானது, துணியில் கறை படியவில்லை. தோலில் உள்ள ஏதோ ஒன்றோடு அது வினைபுரிகிறது என்று அவருக்குப் பிடிபட்டது. 1960-இல் கடைக்கே வந்துவிட்டது. நம் மேல்தோலின் உச்சியில் இருப்பது உயிரற்ற செல்களின் அடுக்கு. அதிலுள்ள அமினோ அமிலங்களோடு இந்தச் சர்க்கரை சேர்ந்து பழுப்பு நிறப் பொருளாகிறது. கல்லில் தோசை முறுகிச் சிவக்கும்போது நடப்பதும் இதே வகை வேதிவினைதான், இங்கே சூடு தேவைப்படுவதில்லை. உயிருள்ள அடுக்குக்கும் ரத்தத்துக்கும் இது போவது மிகமிகக் குறைவு. நிறமி செல்லை இது தொடுவதே இல்லை. அந்த உயிரற்ற அடுக்கு நாள்தோறும் உதிர்கிறது, நிறமும் அதோடு போகிறது. ஐந்திலிருந்து பத்து நாளில் பழைய நிறத்துக்கு வந்துவிடுவீர்கள். நிரந்தரமாகக் கறுத்துவிடுவாய் என்று அம்மா பயப்பட வேண்டியது மொட்டை மாடி வெயிலுக்குத்தான்.

கெமிக்கல் என்ற பயத்துக்கும் பதில் சொல்கிறேன். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1970-களிலேயே இதை வெளிப்பூச்சாக அனுமதித்தது. உதடு, கண், மூக்கின் உள்பக்கம் போன்ற ஈரத்தோலில் படக் கூடாது, மூச்சில் இழுக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஐரோப்பிய ஒன்றியம் டேன் பூச்சுகளில் 10 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. ஆக, தோலில் பூசுவதில் ஆபத்து குறைவு. ஸ்ப்ரேயாக அடித்து அந்தப் புகையைச் சுவாசிப்பதில்தான் கேள்வி இருக்கிறது. நீங்கள் கையாலோ ஸ்பாஞ்சாலோ பூசும் லோஷனையோ நுரையாக வரும் மூஸையோ வாங்குங்கள். போட்டி நடக்கும் இடத்தில் ஸ்ப்ரேதான் என்றால் கண்ணை மூடி, மூக்கில் வடிகட்டி வைத்து, உதட்டில் வாசலின் தடவி, காற்றோட்டமான அறையில் நின்றுகொள்ளுங்கள். டி.எச்.ஏ.வுக்கே ஒவ்வாமை அபூர்வம். கூட இருக்கும் வாசனைப் பொருளுக்கும் பதப்படுத்திக்கும் வரலாம். அதனால் முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் அகலம் பூசி இரண்டு நாள் பாருங்கள். அரித்தால் அந்த பிராண்டு வேண்டாம்.

ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். இந்தப் பழுப்பு வெயிலைத் தடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) தேறலாம், அது போதாது. பூசிய முதல் நாளில் வெயில் பட்டால் தோலில் தீங்கான மூலக்கூறுகள் கூடுதலாக உருவாகின்றன என்று ஆய்வு உண்டு. பூசிய 24 மணி நேரம் வெளியே அலைய வேண்டாம்.

சரி, எப்படிப் பூசுவது? நல்ல பாட்டில் வாங்கியும் மேடையில் ஆரஞ்சாகவும் வரிவரியாகவும் நிற்பவர்கள் உண்டு. தயாரிப்பில் கோட்டை விடுவதால் அப்படி ஆகிறது.

முதலில் தேமல். அது ஒரு வகைப் பூஞ்சை. அந்தத் திட்டுகளில் நிறமும் வேறாக இருக்கும், பூச்சும் சமமாகப் பிடிக்காது. முதுகில் வெளிர் திட்டுகளோடு விளக்கடியில் திரும்பி நின்றால் அவ்வளவு உழைத்த முதுகு பாழ். கெட்டோகோனசோல் போன்ற மருந்தில் பூஞ்சை சில வாரத்தில் அடங்கும். தோலின் நிறம் சமமாக வர அதற்குமேல் இன்னும் சில வாரம், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். இரண்டு மாதம் இருக்கிறது என்றீர்கள், இந்த வாரமே ஆரம்பியுங்கள். ஜிம் பனியனையும் துண்டையும் தினம் துவையுங்கள்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் தொடையிலும் முதுகிலும் ஒத்திகை பாருங்கள். எத்தனை பூச்சுக்கு எந்த நிறம் வருகிறது என்று மஞ்சள் விளக்கிலும் வெள்ளை விளக்கிலும் போட்டோ எடுத்து வையுங்கள். பாட்டிலின் காலாவதித் தேதியைப் பாருங்கள். டி.எச்.ஏ. சூட்டில் கெட்டுவிடும். தகரக் கூரை போட்ட ஜிம் அலமாரியில் கோடை முழுக்கக் கிடந்த பாட்டில் விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

உடம்பு ரோமத்தைப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பே எடுத்துவிடுங்கள். அன்றே மழித்து அன்றே பூசினால் எரியும், ரோமக்கால்களில் புள்ளி புள்ளியாக நிறம் தேங்கும். பூசும் நாளில் பீர்க்கங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்துக் குளித்து, சோப்பு துளிகூடத் தங்காமல் கழுவி, நன்றாக உலருங்கள். அதன்பின் எண்ணெய், மாய்ஸ்சரைசர், பவுடர், சென்ட் எதுவும் கூடாது. டியோடரண்ட் போட்ட அக்குள் பச்சையடிக்கும். முழங்கை, முழங்கால், கணுக்கால், பாதத்தின் மேல் கெட்டித் தோல் அதிகம் உறிஞ்சும், அங்கே மட்டும் லேசாக வாசலின் தடவி மெல்லியதாகப் பூசுங்கள். கையுறை போடுங்கள், இல்லையென்றால் உள்ளங்கை பழுப்பாகிவிடும். முதுகுக்கு ஒரு ஆள் வேண்டும்.

முந்தின நாள் மாலை ஒரு பூச்சு, இரவு ஒன்று, காலையில் தேவைப்பட்டால் இன்னொன்று. இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறம் தெரிய ஆரம்பிக்கும், முழுசாக வர ஒரு நாள் ஆகும். உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கப்போவது வியர்வைதான். நிறம் ஏறும் நேரத்தில் வியர்த்தால் வழிந்த தடம் அப்படியே நிற்கும். ஏ.சி. இல்லாவிட்டால் ஃபேனுக்கு எதிரில் கை கால் அகற்றி நில்லுங்கள். தளர்வான கறுப்புச் சட்டை, பழைய போர்வை. தண்ணீர் பட விடாதீர்கள். ஒரு மாதிரி வாடை வரும், அது வினையின் வாடை, பயப்பட வேண்டாம். அதன்மேல் மேடைக்குப் போகும் முன் பூசும் பிரான்சர் வெறும் சாயம், தோலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஐ.எஃப்.பி.பி. என்ற சர்வதேச ஆணழகன் கூட்டமைப்பின் விதிகளில் துடைத்தால் கையோடு வந்துவிடும் நிறத்துக்கும், மினுக்குத் துகளுக்கும், அளவு மீறிய எண்ணெய்க்கும் அனுமதி இல்லை. உங்கள் மாவட்டச் சங்கம் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

முகத்தில் பரு மருந்து பூசிவருகிறீர்கள் என்றால், அங்கே நிறம் சீக்கிரம் உதிரும், எரிச்சலும் வரலாம். முகத்துக்கு டி.எச்.ஏ. ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும், மீதியை மேக்கப்பில் சரிசெய்யலாம். போட்டி முடிந்ததும் பேபி ஆயில் தடவி அரை மணி ஊறவைத்து, வெதுவெதுப்பான நீரில் துண்டால் ஒற்றித் தேயுங்கள். திட்டாகத்தான் போகும், ஒரு வாரம் பொறுங்கள். ப்ளீச் போட வேண்டாம்.

விலையைப் பற்றியும் யோசிப்பீர்கள். ஒரே எடைப் பிரிவில் இல்லாத இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் ஒரு பாட்டில் எல்லோருக்கும் வரும். ஊசி வாங்கும் பணத்தையும், பிறகு மங்குக்கு எங்களிடம் கொடுக்கும் பணத்தையும் பார்த்தால் இது பெரிய செலவு இல்லை.

கூடப் பயிற்சி செய்யும் அந்தப் பையனிடம் இதைக் காட்டுங்கள். திட்ட வேண்டாம், அவர் ஊசியை நிறுத்தினால் போதும். நிறுத்தியதும் உடம்பில் உள்ள மச்சங்களை, உள்ளங்காலையும் நகத்தடியையும் சேர்த்து, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைக்கட்டும். ஒரு தோல் மருத்துவரிடம் காட்டட்டும். ஊசியை மற்றவர்களோடு பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனையும் செய்யட்டும். அரசு மருத்துவமனையில் இதற்குச் செலவு இல்லை, விவரம் வெளியே போகாது. சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ, தசை வலி தாங்க முடியாமல் இருந்தாலோ, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். என்ன போட்டார் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள், குப்பி மீதமிருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.